வெயிலைப் பார்த்து ஆரே நதியில் இறங்காதீர்கள்

பேர்ண் நகரில் வெயில் 30 டிகிரியைத் தொடும் முதல் சனிக்கிழமை, ஐக்ஹோல்ஸ் புல்வெளியில் பாய் விரிக்க இடம் கிடைக்காது. இறைச்சி வாட்டும் புகை, பந்து விளையாடும் பிள்ளைகள், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஆரே நதி. என் மச்சான் ஒருவர் சுவிஸுக்கு வந்த முதல் கோடையில், அப்படி ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, வியர்வையோடு ஓடிப்போய்க் கரையிலிருந்து குதித்தார். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் நீச்சல் பழகியவர். நீருக்கு மேலே வந்தவர் கத்த வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அருகில் மிதந்து வந்த ஒரு பெண் அவருடைய தோளைப் பிடித்துக் கரைப் பக்கம் தள்ளியதால் தப்பினார். அன்று ஆற்றின் வெப்பநிலை 14 டிகிரி. அதைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்றே எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரியாததற்குக் காரணம் உண்டு. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல எதுவும் இல்லை. கிணறும் கேணியும் கடலும்தான் நாம் அறிந்த தண்ணீர். கிணற்று நீர் அதிகாலையில் வெதுவெதுப்பாகவும் நண்பகலில் குளிர்ச்சியாகவும் படும். உண்மையில் மாறுவது காற்றுத்தான். நீர் ஏறக்குறைய ஒரே சூட்டில் கிடக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஆரேயின் கரைக்கு வருகிறவர், வெயிலைப் பார்த்துத் தண்ணீரைக் கணித்துவிடுகிறார். எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான்.

ஆரே பிறப்பது ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளில். பிரியன்ஸ் ஏரி, தூன் ஏரி இரண்டையும் கடந்துதான் பேர்ணுக்கு வருகிறது. மே, ஜூன் மாதங்களில் மேலே பனி உருகுவதால் ஆற்றில் நீரும் அதிகம், குளிரும் அதிகம். அத்தனை பெரிய ஏரிகள் சூடேற வாரக்கணக்காகும். ஜனவரியில் 5 டிகிரி அளவில் இருக்கும் ஆறு, ஜூனில் 15-ஐ ஒட்டியே நிற்கிறது. ஜூலை பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும்தான் 20-ஐ எட்டிப் பார்க்கும். கடும் கோடைகளில் 22-ஐயும் தாண்டும். ஏறியது போலவே மெதுவாகத்தான் சூடு இறங்கவும் செய்யும். அதனால் செப்டம்பர் தொடக்கத்தில் ஆறு ஜூனைவிட இதமாகவும் அடங்கியும் இருக்கும். என்னைக் கேட்டால், புதிதாக ஆற்றில் பழகுகிறவருக்கு ஏற்ற காலம் அதுதான்.

நேற்று 20 டிகிரி இருந்தது என்பதை நம்பி இன்று இறங்கவும் கூடாது. தூன் ஏரியின் மேல் பலத்த காற்று அடித்தால், மேற்பரப்பின் சூடான நீர் ஒதுங்கி, ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்துவிடும். ஒரே இரவில் ஆற்றின் வெப்பநிலை பல டிகிரி சரியும். அன்றைய அளவைப் பார்ப்பது எளிது: கூட்டரசின் சுற்றுச்சூழல் அலுவலகம் வெப்பநிலையையும் நீரோட்டத்தையும் உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறது.

15 டிகிரி என்பது கேட்பதற்கு அத்தனை குளிராகத் தோன்றாது. ஆனால் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நீர் உடல் சூட்டை உறிஞ்சும். தோல் திடீரெனக் குளிர்ந்ததும் நெஞ்சு தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். தொடர்ந்து மூச்சிரைக்கும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். இதய நோய் உள்ளவருக்கு இதுவே உயிராபத்து. இந்த அதிர்ச்சி ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்யத் தவறுகிறார்கள். கைகால்களை வேகமாக வீசினால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இறங்கும் முன் பிடரி, மார்பு, கைகளை நனைத்துக்கொண்டு படிவழியே மெல்ல இறங்கினால் அதிர்ச்சி பெரிதும் குறையும். அதன் பிறகும் நீண்ட நேரம் வேண்டாம். குளிர்ந்த நீரில் முதலில் தளர்வது விரல்களும் கைகளும். கரையில் பிடித்து ஏற வேண்டிய கைகள் அவைதான்.

ஷோனாவ் நடைபாலத்திலிருந்து குதிக்கும் உள்ளூர் இளைஞர்களைப் பார்த்து நம் பிள்ளைகளும் குதிக்கிறார்கள். அந்த உள்ளூர் இளைஞர்கள் சிறுவயது முதல் இந்த ஆற்றை அறிந்தவர்கள். ஆரேயில் தலையை நீருக்குள் வைத்தால், கூழாங்கற்கள் உருளும் மெல்லிய சலசலப்புக் கேட்கும். அழகான ஓசை. அடித்தளம் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதன் அடையாளமும் அதுவே. போன வாரம் ஆழமாக இருந்த இடம் இன்றும் ஆழமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டத்தை மறப்பது அடுத்த தவறு. பேர்ணில் ஆரேயின் ஆண்டுச் சராசரி வினாடிக்கு 120 கன மீட்டரை ஒட்டியது. 200-ஐத் தாண்டினால் நான் இறங்குவதில்லை, நீர் எத்தனை இதமாக இருந்தாலும் சரி. தூனுக்குக் கீழே சேரும் சுல்க் ஆற்றை இங்குள்ளவர்கள் அஞ்சுகிறார்கள். மலையில் இடிமழை பெய்தால், வெயில் காயும் பேர்ணில் நமக்கு எதுவும் தெரியாமலே, அது மரக்கட்டைகளோடு ஆரேக்குள் பாயும். நீர் திடீரெனக் கலங்கி மண்ணிறமானால் உடனே கரையேறுங்கள்.

எங்கே ஏறுவது என்று முடிவு செய்த பிறகே இறங்க வேண்டும். ஆற்றின் வேகம் பல இடங்களில் வினாடிக்கு 2 மீட்டரை நெருங்கும். ஒலிம்பிக் 100 மீட்டர் நீச்சல் வீரரின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். எதிர்நீச்சல் போட்டு யாரும் திரும்ப முடியாது. கரைப் படிகளில் சிவப்புக் கம்பிகள் இருக்கின்றன. நடு ஆற்றில் சுகமாக மிதந்துவிட்டுக் கடைசி நேரத்தில் திரும்பாமல், வெகு முன்னரே ஓரத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு கம்பி தவறினால் அதற்காகப் போராட வேண்டாம், அடுத்ததைப் பிடியுங்கள். ஆனால் மார்சிலி திடலைத் தாண்டிப் போகக் கூடாது. சற்றுக் கீழே ஸ்வெல்லன்மெத்தெலி தடுப்பணை இருக்கிறது.

மது அருந்திவிட்டு இறங்குவது, ரப்பர் படகுகளை ஒன்றோடொன்று கட்டுவது ஆகியவற்றை விளக்கத் தேவையில்லை. கட்டிய படகுகள் பாலத்தூணில் சிக்கினால் பிரிக்க முடியாது. பிள்ளைகளின் காற்றடைத்த கைப்பட்டிகளை ஆற்றில் நம்பாதீர்கள். பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கரையேறிய பிறகும் உடலின் உள்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். ஈரத்தோடு வெயிலில் நின்று பேசாமல், உடனே துடைத்து உலர்ந்த உடை மாற்றி, இனிப்பான சுடுதேநீர் குடியுங்கள். கொதிநீர்க் குளியல் வேண்டாம். நடுங்கியவருக்குப் பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் நின்று தூக்கக் கலக்கம் வந்தாலோ, குடிக்க எதுவும் கொடுக்காமல் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸ் எண்ணான 144-ஐ அழையுங்கள்.