கேப் ஓட்டுறவங்களுக்கு: ஓடிபி போடறதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு பெல்ட்

சென்னையில ஆப் டாக்ஸி ஓட்டுற அண்ணன் தம்பிங்களுக்குத்தான் இதை எழுதறேன், சொந்த வண்டி வச்சு குடும்பத்தோட போறவங்க படிச்சாலும் உபயோகமா இருக்கும். நாலு வருஷம் முன்னாடி கத்திப்பாரா மேம்பால இறக்கத்துல எனக்கு முன்னாடி போன வண்டி திடீர்னு நின்னுச்சு, நானும் பிரேக் அடிச்சேன், வண்டி இடிக்கல. ஆனா பின்சீட்ல ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு வந்த நாலு வயசு பையன் அப்படியே முன்னாடி வந்து கியர் மேல விழுந்து உதடு கிழிஞ்சு ரத்தம். முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் மனசுல நிக்குது, ஏன்னா அந்தப் பையன் நிக்கறதை நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன்.

முதல்ல சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல திருத்தம் வந்தப்போ 194பி-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. 14 வயசு முடியாத பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம வண்டி ஓட்டினா 1000 ரூபா அபராதம். இதுல ஓட்டுறவர்னு தெளிவா எழுதியிருக்கு, அதாவது கஸ்டமர் பிள்ளையா இருந்தாலும் பொறுப்பு நம்ம தலையில. பெரியவங்களுக்கும் முன்னாடி மட்டும்தான்னு நம்மாளுங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, முன்பக்கம் பார்த்து உட்கார்ற பின்சீட்டுக்காரங்களும் பெல்ட் போடணும். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம், டாடா குழுமத்துக்கு முன்னாடி தலைவரா இருந்த சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து ஞாபகம் இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த வண்டி அது, ஆனா பின்னாடி உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க, ரெண்டு பேருமே போயிட்டாங்க, முன்னாடி இருந்த ரெண்டு பேர் பிழைச்சாங்க.

இப்ப நம்ம வண்டிக்கு வருவோம். பெல்ட் போடுங்கன்னு கஸ்டமரை சொல்றதுக்கு முன்னாடி பின்னாடி பெல்ட் இருக்கான்னு பாருங்க. நம்மள்ல பாதி பேர் வண்டியில ரெக்சின் சீட் கவர் போடும்போது கடைக்காரர் பெல்ட் மாட்டற லாக்கை உள்ள தள்ளி மூடிடுறாரு, நாமளும் கண்டுக்கறதில்ல. நாளைக்கு காலையில முதல் டூட்டிக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பின்சீட்டைத் தூக்கி மூணு லாக்கையும் வெளிய எடுங்க, கவர்ல ஓட்டை இல்லைன்னா அதே கடைக்குப் போய் வெட்டி ஓரம் தைக்கச் சொல்லுங்க. பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, சரக்குன்னு இழுத்தா இறுகி நிக்கணும், மெல்ல இழுத்தா வரணும். லாக்குக்குள்ள சிப்ஸ் தூளும் மண்ணும் அடைஞ்சிருந்தா பிரஷ்ஷால எடுங்க, கிளிக் சத்தம் வரலைன்னா மாட்டினதா அர்த்தமே இல்ல.

அடுத்தது சொல்ற விதம், எனக்கு இதுலதான் ரொம்ப நாள் தடுமாற்றம். வண்டி கிளம்பி சிக்னல் தாண்டினப்புறம் சொன்னா யாரும் கேக்கறதில்ல, "பக்கத்துலதான் இறங்கப் போறோம் விடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. ஓடிபி கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிப் பாருங்க, வண்டி நின்னுக்கிட்டு இருக்கு, கதவு இன்னும் மூடல, அவங்களும் எப்படியும் செட்டில் ஆகிக்கிட்டு இருக்காங்க. நான் திரும்பிப் பார்த்து "அக்கா, பாப்பாவுக்கு பெல்ட் மாட்டிட்டு ஓடிபி சொல்லுங்க, மாட்ட வரலைன்னா நான் இறங்கி மாட்டித் தர்றேன்"னு சொல்வேன். அவ்வளவுதான். அபராதத்தைப் பத்தி பேச மாட்டேன், பேசினா நமக்காக சொல்றோம்னு நினைப்பாங்க. பத்துல எட்டு பேர் உடனே போட்டுடுறாங்க, ரேட்டிங் குறையும்னு பயந்தேன், அப்படி ஒண்ணும் ஆகல.

கஷ்டம் எங்கன்னா மடியில வச்சுக்கற குழந்தை. "நான் பிடிச்சுக்கறேன் தம்பி"ன்னு பாட்டி சொல்லும்போது எதிர்த்து பேச மனசு வராது. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பத்து கிலோ குழந்தை, வண்டி 40ல போகுது, எதுலயோ மோதி பத்துல ஒரு பங்கு செகண்ட்ல நிக்குதுன்னா அந்தக் குழந்தையைப் பிடிச்சு நிறுத்த நூறு கிலோவுக்கு மேல பலம் வேணும், அதாவது நாலு 25 கிலோ அரிசி மூட்டையை ஒரே நேரத்துல ரெண்டு கையால நிறுத்தற மாதிரி. யாராலயும் முடியாது, அம்மாவோட பாசத்துல குறை ஒண்ணும் இல்ல, கைக்கு அந்த பலம் கிடையாது. இன்னொண்ணு, அம்மா போட்ட அதே பெல்ட்டுக்குள்ள குழந்தையையும் சேர்த்து மாட்டறது ரொம்ப ஆபத்து, மோதினா அம்மா உடம்பு முழுக்க குழந்தை மேலதான் அழுந்தும். ரெண்டு பிள்ளைக்கு ஒரு பெல்ட்டும் கூடாது.

கஸ்டமரே குழந்தை சீட் கொண்டு வந்தா (ஏர்போர்ட் டிரிப்ல இப்ப நிறைய பேர் கொண்டு வர்றாங்க) லேட் ஆகுதுன்னு முகம் சுளிக்காம உதவி பண்ணுங்க. ரொம்ப சின்னக் குழந்தைன்னா சீட் பின்கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருக்கணும், குறைஞ்சது 15 மாசம் வரைக்கும், அதுக்கு மேலயும் வச்சா இன்னும் நல்லது, ஏன்னா கழுத்து எலும்பு பிஞ்சு, தலை பெருசு. இந்த மாதிரி திருப்பி வச்ச சீட்டை ஏர்பேக் இருக்கற முன்சீட்ல எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீங்க, ஏர்பேக் வெடிச்சா நேரா குழந்தை தலைக்குப் பின்னாடி அடிக்கும். பெல்ட் எந்த வழியா போகணும்னு குழம்பினா சீட்லயே கலர் குறி இருக்கும், பெரும்பாலான சீட்ல நீலம்னா பின்பக்கம் பார்த்து வைக்கறதுக்கு, சிவப்புன்னா முன்பக்கம். மாட்டினப்புறம் சீட்டோட அடியைப் பிடிச்சு ஆட்டுங்க, ஒரு இஞ்சுக்கு மேல அசைஞ்சா முழங்காலை சீட்ல அழுத்திக்கிட்டே பெல்ட்டை இன்னும் இழுத்து இறுக்கணும். பின்சீட்டும் முதுகுப் பலகையும் சேர்ற இடுக்குல கையை விட்டா இரும்பு வளையம் தட்டுப்பட்டுச்சுன்னா உங்க வண்டியில ஐசோபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாம குழந்தை சீட்டை நேரா வண்டியோட மாட்டற வசதி இருக்கு, அதுல மாட்டற சீட்டா இருந்தா வேலை இன்னும் சுலபம்.

ஸ்கூல் போற வயசுக்கு பூஸ்டர் சீட் போதும், அதாவது வண்டி பெல்ட் சரியான இடத்துல படற மாதிரி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கற சீட். நானே ஒண்ணு வாங்கி டிக்கியில போட்டு வச்சிருக்கேன், பெட்டி படுக்கை வந்தா கொஞ்சம் இடைஞ்சல்தான், பரவாயில்ல. வாங்கும்போது வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ எழுத்து போட்ட ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, விபத்துல மாட்டின பழைய சீட்டை சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. பூஸ்டரை தோள்பட்டை பெல்ட் இருக்கற சீட்லதான் வைக்கணும், பழைய வண்டியில நடுசீட்டுக்கு வெறும் இடுப்பு பெல்ட்தான் இருக்கும், அங்க வேண்டாம்.

பூஸ்டர் எப்ப வேண்டாம்னு கேட்டா உயரம்தான் கணக்கு, சுமாரா 145 சென்டிமீட்டர், அதாவது நாலு அடி ஒம்பது அங்குலம். இடுப்பு பெல்ட் தொடை மேல இடுப்பு எலும்புல படணும், வயித்துல ஏறக் கூடாது, தோள் பெல்ட் கழுத்தை அறுக்காம தோள் நடுவுல போகணும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் இதேதான், இடுப்பு பெல்ட் வயித்துக்குக் கீழ. சீட்டும் இல்ல பூஸ்டரும் இல்லைன்னா, தானா உட்காரத் தெரிஞ்ச பிள்ளையை பின்சீட்ல தனி பெல்ட்ல உட்கார வைங்க, தோள் பெல்ட் கழுத்துல உரசுதுன்னு முதுகுக்குப் பின்னாடி தள்ளிடாதீங்க, பிள்ளையை லாக் பக்கமா கொஞ்சம் நகர்த்துங்க. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேர்ந்து கைக்குழந்தையோட வர்ற குடும்பத்துக்கிட்ட சீட் எங்கன்னு கேக்க முடியாது, அந்த டிரிப்பை நான் மறுக்கறதும் இல்ல. அம்மாவை பின்சீட்ல உட்கார வச்சு அவங்களுக்கு மட்டும் பெல்ட் போடச் சொல்லி, குழந்தை பெல்ட்டுக்கு வெளிய இருக்கற மாதிரி பார்த்து, இடது ஓரமா 30ல ஓட்டுவேன், பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். இது பாதுகாப்புன்னு சொல்ல மாட்டேன், என்னால முடிஞ்சது அதுதான்.

பைக் டாக்ஸி தம்பிங்களுக்கு தனி விதி இருக்கு, 2023 பிப்ரவரியிலேர்ந்து, நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தை பின்னாடி இருந்தா ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டற ஹார்னஸ், 9 மாசத்துக்கு மேல ஹெல்மெட், வேகம் 40க்கு மேல கூடாது. ஹார்னஸ் இல்லைன்னா கார் புக் பண்ணச் சொல்லிடுங்க.

பின்கதவு ஓரத்துல இருக்கற, உள்ளேர்ந்து கதவைத் திறக்க முடியாம பண்ற சைல்டு லாக்கை பிள்ளைங்க ஏறின உடனே தட்டிடுங்க, கண்ணாடி லாக் சுவிட்சையும். இறங்கும்போது நீங்க முதல்ல இறங்கி இடது பக்கக் கதவைத் திறங்க, வலது பக்கம் பைக் வரும். பிள்ளையும் அம்மாவும் பிளாட்பாரம் ஏறினப்புறம் பின்சீட்டை ஒருதரம் எட்டிப் பாருங்க, பூஸ்டரை டிக்கியில வைங்க, இல்ல சீட்லயே விட்டா காலியா இருந்தாலும் பெல்ட் போட்டு விடுங்க, அதுவும் பிரேக் அடிச்சா பறந்து வர்ற பொருள்தான்.