காட்டு மண்ணைச் சாக்கில் அள்ள முடியாது

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே தேயிலை மலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். ரோஜாத் தொட்டிக்கு மண் வேண்டுமென்றால் அப்பாயி என்னை அங்கேதான் அனுப்புவார். கறுப்பாக, கையில் பஞ்சு போல இருக்கும் மண். அரைச் சாக்கு கொண்டு வந்து கொட்டினால் இரண்டு மூன்று மாதம் ரோஜா பூத்துத் தள்ளும். அப்புறம் இலை மஞ்சளாகும், தொட்டியில் மண் பாதிக்கு இறங்கிவிடும். "காட்டு மண்ணு கோவிச்சுக்கிருச்சு" என்பார் அப்பாயி.

அது கோபமில்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. இலங்கை மலைநாட்டில் மண்ணைப் பற்றி நாம் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் அந்தச் சாக்கிலிருந்துதான் கிளம்புகின்றன.

(ஒதுக்குக் காட்டில் மண் அள்ளுவதே சட்டப்படி குற்றம். அப்போது அது எங்களுக்குத் தெரியாது.)

காட்டு மண் வளமானது என்ற நினைப்பு

காட்டுக்குள் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் தெரியும். கறுப்பு ஒரு சாண் கூட இருக்காது. அதற்குக் கீழே செம்மஞ்சள் களி. பல்லாயிரம் ஆண்டு மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் பொஸ்பரஸைக் கண்டால் பிடித்துக்கொண்டு லேசில் விடாது. ஆக அடியில் இருப்பது அமில மண், ஏழை மண்.

அந்த ஏழை மண்ணில் எப்படி அவ்வளவு பெரிய காடு? அங்கே சத்து மண்ணில் தங்குவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரம் இலையை உதிர்க்கும் முன்பே அதிலுள்ள நைதரசனிலும் பொஸ்பரஸிலும் ஏறக்குறைய பாதியைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். மழை இலையின் மேல் பட்டு வழியும்போது பொட்டாசியத்தைக் கரைத்து அடியில் சொட்டும். விழுந்த இலையைப் பூச்சி நறுக்கும், பங்கசும் பற்றீரியாவும் உடைக்கும். உடைந்து வெளியே வரும் சத்து நீரோடு ஓடுவதற்குள், மேல் மண்ணில் பாய் போலப் பின்னிக் கிடக்கும் மெல்லிய வேர்களும் அவற்றோடு கூடி வாழும் பங்கசு இழைகளும் வாரிக்கொள்ளும். காலையில் வந்த வரவு மாலையில் செலவாகும் சந்தைக் கடை மாதிரி. கல்லாப்பெட்டியைத் தூக்கி வந்தால் அன்றைய சில்லறை கிடைக்கும். வியாபாரம் உங்களோடு வராது.

தொட்டி மண் இறங்கியதற்குக் காரணம் காபன். அந்தக் கறுப்பு முழுக்கப் பாதி மக்கிய இலையும் வேரும்தான். மேட்டின் குளிரிலும் நிழலிலும் ஈரத்திலும் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால் அது அங்கே சேர்ந்திருந்தது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் மக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. நாம் அதைக் கிளறி, உடைத்து, வெயில் படும் முற்றத்தில் வைத்தோம். நுண்ணுயிர்கள் தின்று காபனீரொட்சைட்டாக மூச்சு விட்டுவிட்டன. மண் காற்றோடு போயிற்று என்பது இங்கே அப்படியே உண்மை.

இதே தவறைப் பெரிய அளவில் செய்தவர்கள் காப்பித் தோட்டக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டிச் சாய்த்து, எரித்து, சாம்பலில் நட்டார்கள். முதல் சில விளைச்சல் அமோகம். காப்பியைச் சாய்த்தது 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் என்றுதான் படிக்கிறோம். அது சரிதான். ஆனால் மூடுவதற்கு ஒன்றுமில்லாத சரிவிலிருந்து மேல் மண் இறங்கத் தொடங்கியது நோய் வருவதற்கு முன்பே.

குப்பையைக் கூட்டி நெருப்பு வைப்பது

வாசலில் விழும் இலையைக் கூட்டி எரித்துவிட்டு, "சாம்பல் உரம்தானே" என்று சொல்வோம். அரைகுறை உண்மை. பொட்டாசியமும் கல்சியமும் சாம்பலில் நிற்கும். நைதரசனும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போகும், காபன் சொல்லவே வேண்டாம். நின்ற பொட்டாசியமும் சுலபமாகக் கரைவது. நம் சரிவில் அடுத்த மழைக்கே அது கானில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடும்.

நிழல் மரமெல்லாம் நைதரசன் மரம் என்று நம்புவது

படித்தவர்களே சறுக்குகிற இடம் இது. தேயிலைக்கு நடுவே நிற்கும் கிரவில்லியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். இல்லை. அது அவரைக் குடும்பத்து மரமே அல்ல. அதன் வேரில் நைதரசன் முடிச்சுகள் கிடையாது. கொத்துக் கொத்தான சிறு வேர்கள் உண்டு. அவை அமிலம் சுரந்து, மண் பிடித்து வைத்திருக்கும் பொஸ்பரஸைக் கரைத்தெடுக்கும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. நைதரசன் வேண்டுமென்றால் கிளிரிசீடியா, டடப், அல்பீசியா. சந்தேகமிருந்தால் ஒரு வேரை மெல்லத் தோண்டி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

பைனஸ் பற்றியும் இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறோம். அதன் ஊசி இலையில் நைதரசன் குறைவு, லிக்னின் என்ற கடினமான மரப்பொருள் அதிகம். மக்காமல் மெத்தையாகக் கிடக்கும். ஊவாப் பக்கம் ஆடி ஆவணி வறட்சியில் அந்த மெத்தைதான் பற்றிக்கொள்கிறது. அதனால் அது காடு போலப் பச்சையாக இருந்தாலும் காட்டின் சுழற்சி அங்கே ஓடுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டித் தள்ள வேண்டும் என்பதும் தவறு. சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்தில் பைனஸ் வரிசைகளுக்கு இடையில் இடம் திறந்துவிட்டு, அதன் நிழலிலேயே உள்நாட்டு மரங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். மொட்டைச் சரிவில் முடியாதது அந்த நிழலில் முடிந்தது.

மரத்தூளைப் பச்சையாகத் தோட்டத்தில் புதைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் சில நூறு பங்கு இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிருக்கு ஏறக்குறைய 25க்கு 1 என்ற கணக்கில்தான் கட்டுப்படியாகும். குறைகிற நைதரசனை அது உங்கள் லீக்ஸின் வேரடியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கோழி எருவோ பச்சை இலையோ சேர்த்துக் குவித்து மக்க வையுங்கள். நுவரெலியாக் குளிரில் தாழ்நாட்டுக்காரர் சொல்லும் நாள் கணக்கை நம்பாதீர்கள், இங்கே இன்னும் இழுக்கும்.

மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணக்கல் தூளான டொலமைட் போடுவதில் ஒரு வார்த்தை: கரட்டுக்கு நல்லதென்று தேயிலை ஓரத்துக்கும் வாரி இறைக்காதீர்கள். தேயிலைக்கு அமில மண்தான், பீஎச் 4.5 முதல் 5.5 வரைதான் பிடிக்கும்.

தோட்டத்தைக் காடு என்று எண்ணுவது

"காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது இந்தக் கேள்வி எங்கும் ஒலித்தது. நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அரசியலை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். காட்டில் விழும் இலை அங்கேயே கிடக்கிறது. தோட்டத்திலிருந்து கொழுந்து கொழும்புக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போகிறது. காய்ந்த தேயிலையில் ஏறக்குறைய 4 சதவீதம் நைதரசன். 1000 கிலோ தேயிலை போனால் 40 கிலோ நைதரசன் போயிற்று. உலர்ந்த கூட்டெருவில் 1 முதல் 2 சதவீதம் இருந்தால், அந்த 40 கிலோவைத் திருப்பிக் கொடுக்க 2 முதல் 4 தொன் வேண்டும். அதையும் முதுகில் சுமந்து செங்குத்து மலையில் ஏற்ற வேண்டும். கூட்டெரு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காபனைத் திருப்பித் தர அது போன்ற மக்கும் பொருளை விட்டால் வேறு வழியில்லை. யூரியா நைதரசனைத் தரும், மண்ணுக்குப் பஞ்சுத்தன்மையைத் தராது. போதாததற்கு அமிலத்தையும் கூட்டும். இரண்டில் ஒன்று என்று சண்டை பிடித்ததுதான் தவறு.

கவ்வாத்து முடிந்ததும் மிலாறை (வெட்டி விழுத்திய தேயிலைக் கிளைகளை) கட்டித் தூக்கிப் போவதும் இந்தக் கணக்கில்தான் வரும். மூன்று நான்கு வருடம் செடி சேர்த்த காபனும் பொட்டாசியமும் அந்தக் கட்டில் இருக்கிறது. மிலாறு மலையிலேயே கிடந்தால் மண்ணை மூடும், மழையின் அடியைத் தாங்கும். ஆனால் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வரும் பெண்ணிடம் மண் பாடம் நடத்த என்னால் முடியாது. அடுப்புக்கு வேறு விறகு கொடுத்துவிட்டு அதைப் பேசலாம். தடித்த கம்பை வீட்டுக்கும், இலையையும் சிறு குச்சியையும் மலைக்கும் என்று பிரித்தாலே இலையிலிருக்கும் நைதரசன் மிஞ்சும்.

எந்த இலை எவ்வளவு வேகமாக மக்கி மண்ணுக்குத் திரும்புகிறது என்று பார்க்க விஞ்ஞானிகள் தேயிலைப் பையையே பயன்படுத்துகிறார்கள். பச்சைத் தேயிலைப் (கிரீன் டீ) பை ஒன்றையும் ரூயிபோஸ் என்ற தென்னாபிரிக்க மூலிகைத் தேநீர்ப் பை ஒன்றையும் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்து எடுத்து நிறுப்பார்கள். ரூயிபோஸுக்கு ஹட்டனில் எங்கே போவது? நான் பழைய கொசுவலையைப் பை போலத் தைத்து, ஒன்றில் கிளிரிசீடியா இலையும் இன்னொன்றில் கிரவில்லியா இலையும் போட்டு லயத்துக்குப் பின்னால் புதைத்தேன். மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது முதல் பையில் நாலைந்து காம்பும் ஒரு மண்புழுவும். இரண்டாவதில் கிரவில்லியா இலை, நிறம் மட்டும் கறுத்து, நரம்பு கூடக் கலையாமல் இருந்தது.