ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்: பேராதனையில் படிக்க வந்தவர்களுக்கு மலையக வார இறுதிப் பயணம்

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ பேராதனைக்கும் கண்டிக்கும் படிக்க வருகிற தமிழ்ப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்பது இதுதான்: சனி, ஞாயிறு இரண்டு நாளில் மலைநாட்டில் எங்கே போய்வரலாம்? வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் தெரியும். கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். இங்கே தூரத்தை மணிக்கணக்கில் பாருங்கள், கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்.

விசா, வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். போகும் வழியைத் துல்லியமாகப் போட்டுவிட்டு, வரும் வழியை "பஸ் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். ஞாயிறு பின்னேரம் மலையகத்து ஊர்களில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும். பஸ்கள் குறையும், வீட்டுக்கு வந்துபோகும் ஆட்கள் கூடுவார்கள். கொழும்பிலும் கண்டியிலும் வேலைசெய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப்போவது அதே நேரத்தில்தான்.

ஒரு தாளில் விடுதிக் கதவு மூடும் நேரத்தை எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். அப்புத்தளைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இரவு ஏழு மணிக்குப் பேராதனையில் இருக்கவேண்டும் என்றால், மழைக்கும் நெரிசலுக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளி ஆறு மணி. நுவரெலியாவிலிருந்து பஸ் மூன்று மணித்தியாலம், ஆக மூன்று மணிக்கு நுவரெலியாவில் ஏறவேண்டும். அப்புத்தளையிலிருந்து வெலிமடை, அங்கே மாறி நுவரெலியா: காத்திருப்போடு சேர்த்து மூன்று மணித்தியாலம். ஆகவே ஞாயிறு நண்பகல் பன்னிரண்டுக்கு நீங்கள் அப்புத்தளை பஸ் நிலையத்தில் நிற்கவேண்டும். ஞாயிற்றில் உங்களுக்கு மிச்சம் காலைப்பொழுது மட்டும். இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் காலையை என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

ஊரில் இறங்கியதும் அறைக்குப் போகுமுன் பஸ் நிலையத்து டைம்கீப்பரிடம் ஞாயிறு பஸ் நேரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால், "அன்திம பஸ் எக கீயடத?" என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அர்த்தம். அவர் சொல்லும் கடைசி பஸ் உங்களுக்கானது அல்ல. அதற்கு இரண்டு பஸ் முந்தியதுதான் உங்களுடையது. கடைசி பஸ் ஓடாமல் போனால் அடுத்த வழி முச்சக்கரவண்டி. மலைப்பாதையில் எண்பது கிலோமீட்டருக்கு அதை அமர்த்துகிற காசில் இன்னொரு பயணமே போய்விடலாம்.

படி 2: மாதத்தைப் பார்த்து மலையின் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

மலைநாடு முழுவதும் ஒரே காலநிலை என்று நினைக்கவேண்டாம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் பக்கம் அது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை கிழக்குச் சரிவு. அங்கே அடைமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூலையில் ஹட்டனில் குடை மடக்க முடியாத நாளில் பண்டாரவளையில் துணி காயும். பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும் கோச்சி (இங்கே ரயிலுக்கு அதுதான் பெயர்) மறுபுறம் வெளிவரும்போது வானமே வேறாக இருப்பதை அந்த மாதங்களில் கண்ணால் பார்க்கலாம்.

நினைவில் வைக்க எளிய வழியைத் தேயிலையே சொல்லித்தரும். மேற்குச் சரிவில் விளையும் டிம்புள்ள தேயிலைக்குச் சுவை ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை, மேற்கில் வெயிலும் காய்ந்த காற்றும் இருக்கும்போது. கிழக்குச் சரிவின் ஊவாத் தேயிலைக்கு அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. நல்ல தேயிலை எங்கே, எப்போது கிடைக்கிறதோ, அங்கே அப்போது போங்கள்.

ஏப்ரலில் நுவரெலியாவை மட்டும் தவிருங்கள். வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நாடே அங்கே திரளும். அறை வாடகை பல மடங்காகும், பஸ் ஊர்ந்துதான் போகும்.

படி 3: இரண்டு நாளுக்கு ஏற்ற ஊர்

கண்டியிலிருந்து கோச்சியில் ஹட்டன் சுமார் இரண்டரை மணித்தியாலம், நானுஓயா நான்கு, அப்புத்தளை ஐந்துக்கு மேல், எல்ல ஆறுக்கு மேல். எல்லாரும் முதலில் கேட்பது எல்ல. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் அங்கேதான்; 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் தவிர இரும்பு கிடையாது. பார்க்கவேண்டிய இடம், மறுப்பில்லை. ஆனால் போகவர பன்னிரண்டு பதின்மூன்று மணித்தியாலம் இருக்கையில் கழியும். போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து மூன்று நாள் விடுமுறை கிடைக்கும் வாரத்துக்கு எல்லவை ஒதுக்கிவையுங்கள்.

சாதாரண வாரத்துக்கு நான் சொல்வது மூன்று. ஒன்று, நுவரெலியா: போகும் வழியில் றம்பொடை நீர்வீழ்ச்சியும் ஆஞ்சநேயர் கோவிலும், மறுநாள் சீத்தா எலிய அம்மன் கோவிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவும். இரண்டு, ஹட்டன் வழியாகச் சிவனொளிபாத மலை. மூன்று, அப்புத்தளை. மூன்றிலும் அப்புத்தளைதான் என் முதல் தெரிவு. நுவரெலியாவில் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். அப்புத்தளையில் மலையைப் பார்ப்பீர்கள்.

படி 4: பஸ்ஸா, கோச்சியா

கோச்சியில் முன்பதிவு ஆசனம் பயணத்துக்கு 30 நாள் முன்னால் திறக்கும். மலையகப் பாதையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவுக்குப் பாஸ்போர்ட் இலக்கம் கேட்பார்கள். பயணத்தன்று அதே பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும், பிரதி போதாது. குளிரூட்டிய முதலாம் வகுப்பில் கண்ணாடி திறக்காது, படமும் எடுக்க முடியாது, தேயிலை வாசமும் வராது. இரண்டாம் வகுப்பு எடுங்கள். கதவில் தொங்குவது வேண்டவே வேண்டாம். சுரங்கச் சுவரும் பாறையும் பெட்டிக்கு ஒரு முழத்தில் வரும் இடங்கள் இந்தப் பாதையில் நிறைய.

நிலையத்தில் ஒரு குழப்பம்: பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருப்பது சரசவி உயன, சிறிய நிலையம். நெடுந்தூரக் கோச்சிகள் எல்லாம் அங்கே நிற்காது. கொழும்பு–பதுளைக் கோச்சிகளில் சில கண்டிக்குள் வந்து திரும்பும், சில வராமல் பேராதனைச் சந்தியோடு போய்விடும். ஆகவே டிக்கெட்டில் ஏறுமிடம் கண்டியா பேராதனைச் சந்தியா என்று இருமுறை பாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மண்சரிவில் மலையகக் கோச்சிப் பாதை பல இடங்களில் சிதைந்தது. அதன்பின் பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்படாதீர்கள். 1919 என்ற அரச தகவல் இலக்கத்துக்கு அழைத்தால் தமிழில் சொல்வார்கள்.

பஸ் என்றால் சிவப்பு நிற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸையே பரிந்துரைப்பேன். தனியார் பஸ் ஆள் நிரம்பும்வரை நிற்கும், பிறகு விட்ட நேரத்தைப் பிடிக்க வளைவுகளில் விரட்டும். நுவரெலியா பஸ் பேராதனை வழியாகத்தான் வரும். அங்கே ஏறினால் கம்பளைவரை நின்றுகொண்டுதான் போகவேண்டும். கண்டிக்கே போய்த் தொடங்கும் இடத்தில் ஏறுங்கள். வயிறு புரட்டும் ஆட்கள் முன்பக்கம் உட்காரவேண்டும். பின் சில்லுக்கு மேல் உள்ள ஆசனம் றம்பொடை வளைவுகளில் உங்களைச் சோதித்துவிடும்.

படி 5: காலை ஒன்பதுக்குள் காட்சி

மலையில் காலையில் வானம் தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழுந்து குளிர்ந்து மேகமாகும். ஒன்பது, பத்து மணிக்குள் விளிம்பெல்லாம் மூடிவிடும். ஹோட்டன் சமவெளியின் செங்குத்து விளிம்பான உலக முடிவு, அப்புத்தளைக்கு மேலே உள்ள காட்சி முனையான லிப்டன் சீட் இரண்டிலும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தாமதமாகப் போனவர்கள்தான்.

லிப்டன் சீட்டுக்கான வழக்கமான யோசனை: அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் பத்து கிலோமீட்டர் தம்பேதென்ன தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே நடப்பது. கணக்குப் போடுங்கள். ஏழரைக்குத் தொழிற்சாலையில் இறங்கினால், ஏற்றம் இரண்டு மணித்தியாலம், உச்சிக்கு ஒன்பதரை. மேகம் உங்களுக்கு முன்னே போயிருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். முதல்நாள் இரவே ஒரு முச்சக்கரவண்டியைப் பேசிவைத்து, விடிய ஐந்து மணிக்கு உச்சிவரை வண்டியில் ஏறுங்கள். அங்குள்ள சிறு கடையில் ரொட்டியும் பிளேன்டீயும். பிறகு இறக்கத்தில் நடந்து வாருங்கள். மூச்சு வாங்காது, பத்து மணிக்கு அப்புத்தளை பஸ்ஸைப் பிடிக்கலாம், பன்னிரண்டு மணிக் கணக்கும் பிழைக்காது.

இறங்கிவரும் வழி சுற்றுலாப் பாதை அல்ல, ஆட்கள் வாழும் தோட்டம். லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். கொழுந்து எடுக்கும் அம்மாக்களைச் சிரிக்கச் சொல்லி நிறுத்திவைத்தால் அவர்களுடைய அன்றைய கிலோ குறையும், அது சம்பளத்தில் விழும். "அக்கா, எப்படி இருக்கீங்க" என்று தமிழில் கேளுங்கள். அவர்களாகப் பேசினால் நின்று பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் பேசும் பிள்ளை என்றால் அன்போடு விசாரிப்பார்கள். தொழிற்சாலையைப் பார்க்க ஆசை என்றால் சனிக்கிழமை போங்கள். ஞாயிறு கொழுந்து வராவிட்டால் யந்திரமும் ஓடாது.

சனி பின்னேரத்துக்கு ஆதிஷம் மாளிகை பொருத்தம். 1931இல் கட்டிய கல்வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவியர் மடம். வார இறுதியிலும் போயாவிலும் பாடசாலை விடுமுறையிலும்தான் பார்வையாளரை விடுவார்கள்; உங்கள் அட்டவணைக்கென்றே அமைந்த மாதிரி. நான்கு மணிக்கு முன் போய்ச் சேருங்கள்.

ஹோட்டன் சமவெளிக்கு பஸ் கிடையாது; நுவரெலியாவிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து வேன் பிடிக்கவேண்டும். ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள், சுற்றுப்பாதை ஒன்பதரை கிலோமீட்டர், உலக முடிவை முதலில் முடித்துப் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பிறகு பாருங்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். லஞ்ச்ஷீட்டில் கட்டிய சோற்றுப் பார்சல் அங்கேயே மாட்டும். டிபன் பொக்ஸில் கொண்டுபோங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். மாணவர் விசா வதிவிட விசா வகையைச் சேர்ந்தது என்பதால், விசாப் பக்கத்தைக் காட்டிக் குறைந்த கட்டணம் உண்டா என்று எங்கும் கேளுங்கள். சில இடத்தில் தருவார்கள், சில இடத்தில் தரமாட்டார்கள், வாக்குவாதம் வேண்டாம்.

படி 6: சிவனொளிபாத மலை தனிக் கணக்கு

யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை. அந்தக் காலத்தில்தான் படிகளில் விளக்கு எரியும், வழிக்கடை இருக்கும், ஹட்டனிலிருந்து நேரே மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ் ஓடும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் மாறவேண்டும், ஏறுவது கைவிளக்கில்.

உயரம் 2,243 மீட்டர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல், ஏற மூன்று நான்கு மணித்தியாலம். போயாவோடு சேர்ந்த வார இறுதியில் போகாதீர்கள். கடைசிப் படிகளில் வரிசை அசையாமல் நின்று, சூரியோதயம் பாதி வழியிலேயே முடிந்துவிடும். பையில் கட்டாயம் இருக்கவேண்டியது காய்ந்த உள்சட்டை ஒன்று. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் விடியும்வரை நின்றால் எந்த ஜெர்சியும் குளிரைத் தடுக்காது. முதலில் ஈரத்தை மாற்றிவிட்டு, அதற்குமேல் ஜெர்சி. மழைக்குக் குடை வேண்டாம், மழைக்கோட்டு. அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கச் சவர்க்காரத்தைக் காலுறையில் காய்ந்தபடி தேய்த்துக்கொள்ளுங்கள். சித்தாலேப என்ற மூலிகைத் தைலமும் கேட்கும்.

படி 7: வெள்ளிக்கிழமை மாலை ஒரு சோதனை

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் அங்குள்ளவர்கள் வெளியேறத் தயாராகவேண்டும், சிவப்பு என்றால் வெளியேறவேண்டும். போகும் ஊருக்கு மட்டுமல்ல, வழியிலுள்ள கொத்மலை போன்ற பிரிவுகளுக்கும் பாருங்கள். செம்மஞ்சளிலேயே பயணத்தை நிறுத்திவிடுங்கள். அறைக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

ஏற்கெனவே போய்விட்டபின் மழை பிடித்துக்கொண்டால் சரிவின்கீழ் உள்ள அறையில் தங்காதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, மரமோ மின்கம்பமோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையைத் தேடாமல் பக்கவாட்டில் விலகுங்கள், வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு. இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. விடுதியில் ஒரு நண்பரிடம் அதே தாளின் பிரதியையும், நீங்கள் ஏறவிருக்கும் ஞாயிறு பஸ்ஸின் நேரத்தையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.