வெளிச்சமும் கரியமில வாயுவும்: புதுச்சேரித் தண்ணீரில் ஒரு செடித்தொட்டி

செடி மெலிந்து இலை மஞ்சளித்ததும் வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி இன்னொரு எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டுவது, புதுச்சேரியிலும் கடலூரிலும் மீன்தொட்டிக்குள் நீர்ச்செடி வளர்க்கும் நண்பர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். இரண்டு வாரத்தில் இலையோரங்களில் கறுப்புத் தாடிப்பாசி தொங்கும். வெளிச்சம் செடிக்குப் பசியை உண்டாக்குகிறது; கரியமில வாயுவும் உரமும் அந்தப் பசிக்கான சோறு. பசியை மட்டும் கூட்டிவிட்டால் செடி தளர்கிறது, தளர்ந்த இலையின்மேல் பாசி ஏறுகிறது. ஆகவே வெளிச்சத்தை முதலில் குறைவாக நிறுத்தி, அதற்குத் தக்கபடி வாயுவை அமைத்து, செடிகள் தேறிய பிறகே வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும்.

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்கே கரியமில வாயு கரைந்திருக்கும். சிலிண்டரிலிருந்தோ புட்டியிலிருந்தோ குழாய் வழியாக வாயு செலுத்தும் தொட்டியில் நாம் எட்ட நினைக்கும் அளவோ 20 முதல் 30 மில்லிகிராம். வாயு செலுத்த விருப்பமில்லாதவர்கள் விளக்கை லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அலகு) என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகொரைன் போன்ற நிதானமான செடிகளோடு நிம்மதியாக இருக்கலாம். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்ற உப்பிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ளக்கூடியவை என்பதால் நம் ஊர்க் கடினநீரில் வாயு இல்லாமலே செழிக்கும். தொட்டியில் வளர்க்கும் மாஸ் (moss) வகைச் செடிகளுக்கு அந்தத் திறன் கிடையாது.

வாயு செலுத்துபவர்களும் தொடக்கத்தில் நாளுக்கு 6 மணி நேர வெளிச்சத்தோடு நிறுத்துவது நல்லது. மங்கலாக்கும் வசதி இல்லாத விளக்கைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினாலே போதும். முற்றத்தை ஒட்டியோ கிழக்குச் சன்னல் அருகிலோ தொட்டி இருந்தால், காலை வெயில் படும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டைமரில் அடங்காத வெளிச்சம் அது. வாயு, விளக்கு எரிவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்க வேண்டும். வெளிச்சம் வந்த முதல் நிமிடத்திலேயே செடி உண்ணத் தொடங்குகிறது. அப்போது வாயு ஏற்கெனவே கரைந்திருக்க வேண்டும்.

எவ்வளவு வாயு என்பதில்தான் நம் ஊருக்கே உரிய தவறு நேர்கிறது. நிமிடத்துக்கு இத்தனை குமிழி என்ற கணக்கு ஒரு தொட்டிக்கும் மற்றொன்றுக்கும் பொருந்தாது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பார்ப்பவர்களோ, 6.6 வந்தால் சரி என்று எங்கோ படித்ததை அப்படியே பின்பற்றுகிறார்கள். அந்த எண், கார்பனேட் கடினத்தன்மை (கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு; இதையும் டிகிரியில்தான் சொல்வார்கள்) 4 டிகிரி உள்ள மென்மையான தண்ணீருக்கு உரியது. கடினத்தன்மையை மூன்றால் பெருக்கி, ஏழிலிருந்து பி.எச். எவ்வளவு குறைகிறதோ அதைப் பத்தின் அடுக்காக்கிப் பெருக்கினால் வாயுவின் அளவு கிடைக்கும். 4 டிகிரியில் பி.எச். 6.6 என்றால் 30 மில்லிகிராம். கடினத்தன்மை 10 உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அதே 30, பி.எச். 7.0-இலேயே வந்துவிடுகிறது; அங்கே 6.6 வரை இறக்கினால் 75 மில்லிகிராம் ஆகி மீன்கள் மூச்சுத் திணறும். சோதனைத் துளிமருந்து வாங்கி உங்கள் குழாய்த் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையை ஒருமுறையாவது அளந்துவிடுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைத் தொட்டியில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வாயு கரைந்த நீரில் அவை இன்னும் வேகமாகக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

தொட்டியில் வைத்த மரக்கட்டையிலிருந்து கசியும் அமிலமும் பி.எச்.-ஐ இறக்குமாதலால் இந்தக் கணக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது. தொட்டிக்குள் பொருத்தி, வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் ட்ராப் செக்கர் என்ற சிறு குமிழில் தொட்டித் தண்ணீரை ஊற்றாமல், கடினத்தன்மை 4 டிகிரி என்று அளந்து விற்கப்படும் கரைசலை ஊற்றுங்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் ஏறத்தாழ 30, மஞ்சள் என்றால் மிகை. நிறம் மாற இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதால், வாயுவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைத் திருகிவிட்டு உடனே நிறத்தைப் பார்த்து மீண்டும் திருகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சிறு மாற்றம் போதும். அதையும் நீங்கள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் செய்யுங்கள். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செக்கர் என்ன நிறம் காட்டினாலும் வாயுவை நிறுத்தி, காற்றுப் பம்பை ஓடவிட்டு, தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுங்கள். செடி பொறுத்துக்கொள்ளும், மீன் பொறுக்காது.

சிட்ரிக் அமிலமும் ஆப்ப சோடாவும் கலந்து வாயு எடுப்பது சிறு தொட்டிக்குப் போதுமானது. சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்த புட்டி சித்திரை வெயிலில் ஒரு நாள் பொங்கி மறுநாள் ஓய்ந்துவிடும். வாயு இப்படி ஏறி இறங்குவதைத் தாடிப்பாசி விரும்புகிறது. சிலிண்டர் வைத்திருப்போர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கரியமில வாயு 31 டிகிரி செல்சியசுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. நம் கோடையில் அறையின் வெப்பமே அதைத் தாண்டுகிறது. அளவுக்கு மிஞ்சி நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் என்பதால், எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள், வெயில் படாத மூலையில் நிமிர்த்திக் கட்டி வையுங்கள்.

கோடையில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடும்போது வாயுவும் பிராணவாயுவும் குறைவாகவே கரையும், மீனோ கூடுதலாக மூச்சு வாங்கும். அந்த மாதங்களில் வெளிச்சத்தைக் குறைத்து, மாலை 4 மணிக்குப் பின் எரியும்படி மாற்றுவேன். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி வைத்தால் வெப்பம் தணியும், ஆனால் அது கரியமில வாயுவையும் கலைத்துவிடும் என்பதால் செக்கரை மறுபடி கவனிக்க வேண்டும். ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுசெய்யாவிட்டால் கடினத்தன்மை ஏறும்.

மின்வெட்டு வேறொரு வகையில் கெடுக்கிறது. சுழலும் வகை டைமர் மின்சாரம் இல்லாதபோது நின்றுவிடும். என் வீட்டில் விளக்கு இன்வெர்ட்டரிலும், வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டு இன்வெர்ட்டரில் சேராத இணைப்பிலும் இருந்ததால், வாயுவின் நேரம் மட்டும் வாரக்கணக்கில் பின்தங்கிப்போய், காரணம் தெரியாமல் நான் உரத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே இணைப்பில் மாட்டுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு நேர்ந்ததுபோல் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனால், சிலிண்டரின் தலை வால்வை மூடிவிட்டு, மீனுக்கு இரை போடுவதை நிறுத்தி, பேட்டரிக் காற்றுப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். செடிகள் சில நாள் மங்கலிலும் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் திரும்பியதும் முதலில் பில்டரை ஓடவிட்டு, மறுநாள் வாயுவைத் திறந்து, செக்கர் பச்சை காட்டிய பிறகு விளக்கை நாளுக்கு மூன்று மணி நேரம் என்று தொடங்கி ஒரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.