'லேடி பி குட்' கதை சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

லிபியப் பாலைவன மணலில் 1958இல் கண்ணில் பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் கதையை எங்காவது கேட்டிருப்பீர்கள். பி-24 லிபரேட்டர் ரகம், பெயர் 'லேடி பி குட்'. 1943 ஏப்ரல் 4 அன்று ஒன்பது பேருடன் லிபியாவின் சுலுக் தளத்திலிருந்து நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பியது, திரும்பி வரவேயில்லை. கதை சொல்பவர்கள் பலரும் கோட்டை விடுவது ஒரே காரணத்தால்தான்: இன்று நம் கையில் இருக்கும் வரைபடம் அன்று அவர்களிடமும் இருந்தது போலப் பேசிவிடுகிறார்கள்.

"விமானத்தோடு இருந்திருந்தால் பிழைத்திருக்கலாமே" என்பது முதல் சறுக்கல். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தது, ரேடியோ வேலை செய்தது, எல்லாம் உண்மை. ஆனால் எரிபொருள் தீரப்போகிறது என்று அதிகாலை 2 மணி இருட்டில் பாராசூட்டில் குதித்தவர்களுக்கு அது எங்கே போய் விழுந்தது என்று எப்படித் தெரியும்? ஆளில்லாமல் மிதந்துபோய், தெற்கே சுமார் 26 கிலோமீட்டர் தள்ளி வயிற்றால் தரை தட்டியிருந்தது. இவர்களோ கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். அவர்கள் போன வழியில் அடையாளத்துக்காகப் போட்டுவிட்டுப் போன பொருள்களில் லைஃப் ஜாக்கெட்டுகளும் உண்டு. கடலில் மிதப்பதற்கு அணிந்தவை அவை. கிளம்பிய தளமே அங்கிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரம்.

அடுத்து, "தளத்தைத் தாண்டிப் பறந்த முட்டாள் விமானி" என்ற தீர்ப்பு. வில்லியம் ஹாட்டன் நள்ளிரவுக்குப் பின் ரேடியோவில் கூப்பிட்டு, தன் திசைகாட்டும் கருவி வேலை செய்யவில்லை, எங்கே இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். லிபியாவின் பெனினா ரேடியோ நிலையம் 330 டிகிரி, அதாவது வடமேற்குத் திசை, என்று சொன்னது. சிக்கல் ஆன்டெனாவில் இருந்தது. அந்தக் காலத்து வளைய ஆன்டெனா, சத்தம் எந்தக் கோட்டில் வருகிறது என்று காட்டும். கோட்டின் எந்தப் பக்கம் என்று காட்டாது. விமானம் வடமேற்கே கடல் மேல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் அது தளத்தைக் கடந்து தென்கிழக்கே போய்விட்டது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். தளத்திலிருந்து விட்ட ஒளிக்குண்டுகளும் அவர்கள் கண்ணில் படவில்லை போலும். நிலவில்லாத நேரத்தில் மேலிருந்து பார்த்தால் விளக்கில்லாத பாலைவனமும் கடலும் ஒரே கறுப்புதான். அந்தக் குழுவுக்கு அது முதல் போர்ப் பயணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

பாலைவனத்தில் நடந்தபோது எழுதப்பட்ட நாட்குறிப்பை ஹாட்டன் எழுதியதாகச் சொல்வதும் தவறு. எழுதியவர் துணை விமானி ராபர்ட் டோனர். குதித்த பின் ஒன்றுசேர்ந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து இருந்தது அரைக் குடுவைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடுவை மூடி அளவு என்று பங்கு வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார்கள். ஏப்ரல் 9 அன்று ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடித் தனியாகக் கிளம்பினார்கள். மற்ற ஐவரால் அதற்கு மேல் முடியவில்லை. 'வெயிலில் கருகிச் செத்தார்கள்' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் டோனரின் கடைசிக் குறிப்பைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். ஏப்ரல் 12ஆம் தேதிக் குறிப்பு அது: இன்னும் உதவி வரவில்லை, இரவு கடுங்குளிர்.

இந்த விமானத்தின் பாகங்களைப் பொருத்திய மற்ற விமானங்களும் விழுந்தன, இது சாபம் என்றொரு கிளைக்கதையும் சுற்றுகிறது. கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

தேதிகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணெய் தேடிப் போனவர்கள் விமானத்தை வானிலிருந்து பார்த்தது 1958இல். உள்ளேயோ பக்கத்திலோ ஓர் உடல்கூட இல்லை. ஐவரின் எச்சங்கள் கிடைத்தது 1960 பிப்ரவரியில், ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் மே மாதம். ஒன்பதாவது ஆளான ஜான் வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை; 'ஜானைக் காணவில்லை' என்று டோனர் முதல் நாளே எழுதியிருந்தார். அவர் கிடைத்தது ஆகஸ்டில். ஆக, கிடைத்தது எட்டுப் பேர். 'ஒன்பது உடல்களும் மீட்கப்பட்டன' என்று யாராவது எழுதினால் திருத்துங்கள். வெர்னன் மூர் அந்த மணலில் எங்கோ இருக்கிறார்.