ஆதரவற்றோர் இல்லத்தைப் பதிந்த என் அனுபவம்

இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்து வலிகாமத்தில் நாங்கள் நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்தின் பதிவு விண்ணப்பம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பெற்ற சான்றிதழை இணைத்தோம், கிராம அலுவலரின் கடிதமும் வைத்தோம், பயனில்லை. அது சங்கத்துக்கான பதிவே தவிர, ஆட்கள் தங்கும் இல்லத்துக்கானதன்று.

எங்கள் ஆவணக் கோப்பைப் பொறுமையாகப் புரட்டிய சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவரே வழி காட்டினார்: ஐந்துக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டும், 60 வயது நிறைந்தவரே முதியோர்.

வயதை நிறுவுவதுதான் சிக்கல். பலருடைய பிறப்புச் சான்றிதழ்கள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தன. ஓர் அம்மாவின் பழைய அடையாள அட்டையில் உறை உரிந்து திகதி அழிந்திருந்தாலும் இலக்கம் தெளிவாக இருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 51710 எனத் தொடங்கினால், 710இல் 500 கழிய 210ஆவது நாள், அதாவது 1951 யூலை 28. எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் கணக்கிடப்படுவதை மறந்தால் ஒரு நாள் பிசகும். இவ்வாறு அறுபதைக் கடந்தோரைத் தனிப் பட்டியலாக்கி, இளையோரை வேறு தாளில் காட்டியபின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பெரிய ஆறுதல்.