மலையக ஈரத்தில் லேசர் செதுக்கல்: அளவுகளைப் பொருளுக்கேற்ப அமைத்தல்

லேசர் இயந்திரத்துடன் வரும், வலு, வேகம் முதலிய அளவுகளின் அட்டவணையை நம்பிப் பலகையில் பெயர் செதுக்குபவர்கள், ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் தென்மேல் பருவமழை பெய்யும் மாதங்களில் வெளிறிய கோடுகளைக் கண்டு இயந்திரத்தையே சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் மரத்திலுள்ள நீரே. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்தில் ஏறத்தாழ 12 சதவீத நீர் தங்கும். 90 சதவீதமானால் அது 20 சதவீதம் வரை உயரும். கதிர் தரும் வெப்பத்தின் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே பலகைகளை உலர்ந்த அறையில் இடைக்கட்டை வைத்து அடுக்கி, நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின் பயன்படுத்துங்கள். அவசரப்பட்டு அடுப்பருகே உலர்த்தினால் பலகை வளையும். வளைந்த பலகையில், கதிரைக் குவிக்கும் வில்லைக்கும் பலகைக்கும் இடையிலான தூரம் இடத்துக்கிடம் மாறும். குளிர்ந்த விடியற்காலையில் வில்லையில் நீர் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வலு, வேகம், கோட்டு இடைவெளி (அடுத்தடுத்த செதுக்கற் கோடுகளுக்கிடையிலான தூரம்) ஆகிய மூன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். 10 வாட் கதிரை 80 சதவீத வலுவில், நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர் வேகத்தில், 0.1 மில்லிமீற்றர் இடைவெளியில் ஓட்டினால், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 1.6 யூல் சக்தி கிடைக்கும். வலுவையும் வேகத்தையும் பாதியாக்கினாலும் அதே கணக்குத்தான் வரும். ஆயினும் மெதுவாக நகரும் கதிரின் வெப்பம் பக்கவாட்டில் பரவி விளிம்பைப் பழுப்பாக்கும் என்பதால், மரத்துக்கு வேகத்தைக் கூட்டி ஓட்டுவதையே நான் விரும்புகிறேன்.

புதிய பலகை ஒவ்வொன்றுக்கும், அதே மரத்தின் துண்டொன்றில் 10 மில்லிமீற்றர் சதுரங்களாக ஒரு சோதனைக் கட்டம் செதுக்குங்கள்: வலு 20 முதல் 100 சதவீதம் வரை ஒரு பக்கம், வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 5000 மில்லிமீற்றர் வரை மறுபக்கம். தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா மரத்தில் வைரப்பகுதியும் வெளிப்பகுதியும் ஒரே அளவில் ஒரே நிறம் தருமென்று எண்ணாமல், இரண்டிலும் சோதியுங்கள்.

அக்ரிலிக்கில் கதிரின் அலைநீளமே முதன்மையானது. ஏறத்தாழ 450 நானோமீற்றர் நீலக் கதிரை வெளியிடும் டயோட் லேசர், தெளிந்த அக்ரிலிக்கை ஊடுருவிச் சென்றுவிடும். வலுவை எவ்வளவு கூட்டினாலும் அடையாளம் விழாது. 10,600 நானோமீற்றர் காபனீரொட்சைட்டு லேசர் அதில் நன்கு பதியும். வார்ப்பு அக்ரிலிக் வெண்பனிபோல் தெரியும், பிதுக்கித் தயாரித்த தகடு மங்கலாகவே நிற்கும். தோலுக்குக் குறைந்த வலு போதும்.

பீ.வீ.சீ. தகட்டையும் ரெக்சினையும் எந்த அளவிலும் செதுக்காதீர்கள். அவற்றிலிருந்து எழும் ஐதரசன் குளோரைட்டு வாயு நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் ஒருங்கே அரிக்கும். குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு வேலை செய்யும் நமது அறைகளில் அது இன்னும் பேராபத்தாகும். எந்தப் பொருளானாலும் புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி ஓட வேண்டும். கண்ணுக்கு அணியும் கண்ணாடி உங்கள் கதிரின் அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.